போகும் கணக்கும் முடிக்கும் கணக்கும்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் குறுஞ்செய்திகள் மாறிவிடும். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் பாடல் விருப்பங்களுக்கும் நடுவே, “அக்கா, மகளுக்கு இங்கிலாந்துல இடம் கிடைச்சிருக்கு, வாழ்த்துச் சொல்லுங்க” என்று நேயர்கள் எழுதுவார்கள். மனம் நிறைந்து வாசிப்பேன். நிகழ்ச்சி முடிந்தபின் அதே எண்ணிலிருந்து இன்னொரு செய்தி வரும்: “அக்கா, மொத்தமா எவ்ளோ ஆகும்னு யார்கிட்ட கேக்கறது?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளையை விமானம் ஏற்ற எவ்வளவு ஆகும் என்பது ஒன்று. பிள்ளை பட்டம் வாங்கித் திரும்பும்வரை எவ்வளவு ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறவுகள் கூடிப் பேசி எப்படியாவது விடை கண்டுவிடுகிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை.

என் கல்லூரித் தோழி ஒருத்தியின் அண்ணன் பொறியியல் படிக்க ஆஸ்திரேலியா போனார். அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின, மாமா கைமாற்று கொடுத்தார், கோயிலில் அர்ச்சனை நடந்தது. மூன்றாம் ஆண்டில் அப்பாவுக்கு வேலை போனது. மூன்று தவணைகள் மிச்சமிருக்கும்போது அண்ணன் திரும்பி வந்துவிட்டார். செலவான பணம் செலவானதுதான், ஆனால் பட்டம் இல்லை. பாதிப் பாலம் கட்டினால் ஆற்றைக் கடக்க முடியாது. அந்தக் குடும்பம் பணத்தை வீணடிக்கவில்லை. போகும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள், முடிக்கும் கணக்கைப் போடச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு தொகைகள்

சுங்கை வேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணன், தடையற்ற வர்த்தக மண்டலத்துத் தொழிற்சாலையில் நீண்ட காலமாகத் தொழில்நுட்பராக இருக்கிறார். மனைவி ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறார். மகளுக்கு இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மகன் படிவம் 4. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்தோம். முன்பெல்லாம் மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அந்த 555 நோட்டுப் புத்தகம் ஒன்றை அண்ணன் எடுத்து வந்தார்.

ஒரு பவுண்டு 5.60 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். ஆண்டுக் கட்டணம் 20,000 பவுண்டு. கடிதத்தைப் பார்த்துக் குடும்பம் மனத்தில் வைத்திருந்த தொகை மூன்றாண்டுக்கு 60,000 பவுண்டு, அதாவது 336,000 வெள்ளி. பிறகு ஒவ்வொரு வரியாக எழுதினோம்.

முதல் வரி, கட்டணம். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்துகின்றன. ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறும் என்று எடுத்தால் மூன்றாண்டுக் கட்டணம் 62,432 பவுண்டு, ஏறக்குறைய 349,600 வெள்ளி. கட்டணம் படிப்பு முடியும்வரை மாறாதா, ஆண்டுதோறும் ஏறுமா என்பது இடமளிப்புக் கடிதத்தில் இருக்கும். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, வாழ்க்கைச் செலவு. பிரிட்டிஷ் அரசு மாணவர் விசாவுக்குக் காட்டச் சொல்லும் தொகை, 2025 நவம்பர் மாற்றத்தின்படி, லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. இதை 9 மாதங்களுக்குத்தான் காட்டச் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை சாப்பிடுவது 12 மாதம். வாடகை ஒப்பந்தங்களும் பெரும்பாலும் 9 மாதத்தோடு முடிவதில்லை. 36 மாதத்துக்குக் கணக்கிட்டால் 42,156 பவுண்டு, ஏறக்குறைய 236,000 வெள்ளி.

மூன்றாவது, விசாவும் மருத்துவக் கட்டணமும். 2025 ஏப்ரலில் விசா கட்டணம் 524 பவுண்டு ஆனது. மாணவர்களுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்றாண்டுப் படிப்புக்கான விசாவில் படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் சேர்வதால் இது ஏறக்குறைய 2,716 பவுண்டு வரும். இதை ஆண்டாண்டாகக் கட்ட முடியாது. விண்ணப்பிக்கும் அன்றே முழுவதும் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 18,000 வெள்ளிக்கு மேல்.

பிறகு விமானப் பயணங்களுக்கு 12,000, குளிர்கால உடைகளும் படுக்கையும் பாத்திரமும் வாங்க 5,000 என்று நாங்களே ஒரு மதிப்புப் போட்டோம். கூட்டினால் 620,000 வெள்ளியைத் தாண்டியது. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்ததும் 683,000.

336,000 எங்கே, 683,000 எங்கே? அண்ணன் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

ஏறுவதற்குப் போதுமான பணம்

புறப்படுவதற்கு முன் அவர்களுக்குத் தேவைப்பட்டது முதலாண்டுக் கட்டணம், 9 மாதச் செலவுக்கான கையிருப்பு, விசாவும் மருத்துவக் கட்டணமும். மொத்தம் ஏறக்குறைய 189,000 வெள்ளி. வீட்டில் இருந்த சேமிப்பும் அண்ணனின் சேமநிதியிலிருந்து கல்விக்காக எடுக்கக்கூடிய தொகையும் சேர்ந்து 170,000. மிச்சத்தை மச்சான் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆக, மகள் விமானம் ஏறியிருப்பாள். சிக்கல் இரண்டாம் ஆண்டில் தொடங்கியிருக்கும்.

விசாவுக்காகக் காட்டும் பணத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் விதிப்படி அந்தத் தொகை 28 நாள்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, பெரியப்பா கணக்கில் இருக்கும் பணம் செல்லாது. அவர்கள் உதவுவதாக இருந்தால், 28 நாள் தொடங்குவதற்கு முன்பே பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். வீட்டுப் பத்திரமும் பங்குச் சான்றிதழும் சேமநிதி அறிக்கையும் இதில் சேராது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் வங்கி அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்காமல் இருக்கலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் பணம் இருந்தாக வேண்டும், கேட்டால் காட்டியாக வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஆஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. கனடா 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடிய டாலர். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. ஆனால் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இந்த எண்கள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் மறுபடி பாருங்கள்.

வெள்ளியின் மதிப்பு நம் கையில் இல்லை

நாம் சம்பளம் வாங்குவது வெள்ளியில், கட்டணம் கட்டுவது பவுண்டிலும் டாலரிலும். சுங்கை வே அண்ணன் கணக்கில் பவுண்டு 50 காசு ஏறினால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் மட்டும் 52,000 வெள்ளி கூடும். அவர் ஓவர்டைம் செய்து ஈடுகட்டக்கூடிய தொகை அல்ல அது.

நம் அப்பா அம்மா காலத்தில் இது நடந்திருக்கிறது. 1997 நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய 2.50 வெள்ளி. 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு அதை 3.80-இல் நிறுத்தியது. 10,000 டாலர் கட்டணம் சில மாதங்களில் 25,000 வெள்ளியிலிருந்து 48,800 வெள்ளியானது. வெளிநாட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டன. 2024 பிப்ரவரியிலும் டாலர் 4.80 அருகே வந்து நின்றதைப் பார்த்தோம். பிறகு வெள்ளி மீண்டது. எப்போது மீளும் என்பதைத் தவணைக் கட்டணத்தின் கடைசி நாள் காத்திருந்து பார்க்காது.

அதனால் இன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போடாதீர்கள். பத்து விழுக்காடு மோசமான விகிதத்தில் போடுங்கள். அதிலும் தாக்குப்பிடித்தால்தான் அந்தத் திட்டம் நிற்கும். அடுத்த தவணைக்கான பணத்தில் ஒரு பகுதியை, வெள்ளி வலுவாக இருக்கும் மாதங்களிலேயே அந்த நாட்டுப் பணமாக மாற்றி வைப்பதும் நல்லது.

“பகுதி நேர வேலை பார்த்துக்கலாம்”

இதை எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். அனுமதி இருக்கிறது என்பதற்காக வேலை காத்திருக்கிறது என்று ஆகாது. வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம், தேர்வு மாதத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

விசா அதிகாரிகளே எதிர்கால வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமும் சேர்க்க வேண்டாம். பிள்ளை சம்பாதிப்பது அவன் கைச்செலவுக்கும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் இருக்கட்டும். வாடகை அதை நம்பி இருக்கக் கூடாது. நேரத்தை மீறி வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து.

எந்தப் பணத்தை முதலில் தொடுவது?

திரும்பக் கட்ட வேண்டாத பணத்தை முதலில் தேடுங்கள். எஸ்.பி.எம். சிறந்த தேர்ச்சியாளர்களுக்குப் பொதுச்சேவைத் துறையின் உபகாரச் சம்பளமும், பேங்க் நெகாரா, கஸானா, பெட்ரோனாஸ் போன்றவை வழங்குபவையும் உண்டு. பலவற்றில் படிப்புக்குப் பின் வேலை செய்யும் ஒப்பந்தம் இருக்கும். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல்கலைக்கழகம் தரும் கட்டணக் கழிவு முதலாண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுக்குமா என்று கேளுங்கள்.

அடுத்து, நேரத்தோடு தொடங்கிய சேமிப்பு. பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும் இளம் பெற்றோரே, இந்தப் பத்தி உங்களுக்கு. பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பில் போடும் நிகரத் தொகைக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வரி விலக்குப் பெற வழி இருக்கிறது. பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கானது, ஆனால் உங்கள் சேமிப்பு உங்கள் பணம். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கியது. சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல.

மூன்றாவதாக, சேமநிதி. 2024 மே மாதம் முதல் சந்தா மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து போகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கு. பிள்ளைகளின் உயர்கல்விக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. எடுக்கலாம், ஆனால் வயதான காலத்து மருந்துச் செலவுக்குரிய பணம் அது என்பதை அறிந்து எடுங்கள்.

வீட்டை மறுபடி அடமானம் வைப்பது கடைசியில்தான். சுங்கை வே அண்ணனுக்கு மாதாமாதம் 2,500 வெள்ளி மிச்சம் பிடிக்க முடியும். மூன்றாண்டில் அது 90,000. கையில் இருக்கும் 170,000-உடன் சேர்த்தாலும் 400,000 வெள்ளிக்கு மேல் துண்டு விழுந்தது. அந்த 400,000-ஐ 4.5 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதம் ஏறக்குறைய 4,150 வெள்ளி கட்ட வேண்டும். அவருக்கு இப்போது வயது 52.

சுங்கை வேக்குப் பக்கத்திலேயே ஒரு வழி

பண்டார் சன்வேயில் இருக்கும் ‘சன்வே’ என்ற பெயரே ‘சுங்கை வே’ என்பதிலிருந்து வந்ததுதான். 1974-இல் ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியவர்கள், சுரங்கம் தோண்டிய நிலத்தில் ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். 1987-இல் அங்கே கல்லூரி வந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998-இல் மலேசியாவில் தன் வளாகத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் அமைந்த முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை அது. இரண்டாண்டில் நாட்டிங்ஹாமும் வந்தது. வெள்ளி சரிந்த அதே காலக்கட்டத்தில்தான், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை முழுக்க இங்கேயே படிக்கும் ‘3+0’ முறையும் வந்தது. இரண்டாண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்ற ‘2+1’ படிப்புகளும் இருக்கின்றன. நெருக்கடி கற்றுக்கொடுத்த வழிகள் இவை.

செத்தியா ஜெயா நிலையத்தில் 2015-இல் வந்த பி.ஆர்.டி. பேருந்தில் ஏறினால் நான்கு நிறுத்தம் தள்ளி மோனாஷ் வாசல். தங்கும் செலவு இல்லை, சாப்பாடு வீட்டில். கட்டணம் இங்கேயும் குறைவில்லை, ஆனால் வெள்ளியில் கட்டுகிறோம். பரிமாற்றத் திட்டத்தில் ஒரு தவணை வெளிநாட்டு வளாகத்துக்குப் போகும் மாணவர்கள் பொதுவாகத் தங்கள் சொந்த வளாகத்துக்கே கட்டணம் கட்டுகிறார்கள்.

எந்த வழியில் போனாலும் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று முதலில் பாருங்கள். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கீகரிக்கும் அமைப்பு உண்டு. கல்வி முகவர்களில் பலர் பல்கலைக்கழகத்திடம் தரகு பெறுபவர்கள். அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் காட்டும் பட்டியலுக்கு வெளியேயும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

வேலைக்குப் போன பிறகும் போகலாம்

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயதில் போகவில்லையென்றால் வாய்ப்பே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கே பட்டம் முடித்து, சில ஆண்டு வேலை பார்த்து, முதுகலைக்குப் போகலாம். பிரிட்டனில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. மூன்றாண்டுச் செலவு ஓராண்டுச் செலவாகிறது, அதில் உங்கள் சம்பளச் சேமிப்பும் இருக்கும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளம் கட்டணம், தங்கும் செலவு, பயணம் எல்லாவற்றையும் ஏற்கிறது. குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்கும் உபகாரச் சம்பளத்தோடு மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம்.

சுங்கை வே வீட்டில் அன்று கடைசியாகப் பேசியவள் அந்த மகள்தான். அப்பா வீட்டை அடமானம் வைக்கலாம் என்று தொடங்கினார். அவள் 555 புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, “தம்பிக்கும் ஒரு பக்கம் விடணும்லப்பா” என்றாள். அவள் இப்போது உள்ளூர் வளாகத்தில் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டில் ஒரு தவணை வெளிநாடு போகத் தனியாகச் சேர்க்கிறாள். முதுகலைக்கு இங்கிலாந்து என்ற ஆசையை அவள் விடவில்லை. தள்ளித்தான் வைத்திருக்கிறாள்.

வேறொரு வீட்டில் கணக்கு வேறு விடை சொல்லலாம். உபகாரச் சம்பளம் கிடைத்த பிள்ளையும், கடைசித் தவணைவரை பணம் இருக்கும் பிள்ளையும் தயங்காமல் போகட்டும். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இடமளிப்புக் கடிதத்துக்கு “சரி” சொல்வதற்கு முன், ஒரு மாலை தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு பக்கத்தில் போகும் கணக்கு, மறு பக்கத்தில் முடிக்கும் கணக்கு. வீட்டில் ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றால் என்ன செய்வது என்பதையும் அடியில் எழுதுங்கள். அந்தத் தாளில் பிள்ளையின் கையெழுத்தும் இருக்கட்டும். தன் படிப்பின் விலை தெரிந்து போகும் பிள்ளைக்குப் பணம் வேண்டுமென்றால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லக் கூச்சம் இருக்காது. விலை தெரியாமல் போகும் பிள்ளை, கஷ்டம் வரும்போது சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்றுதான் சொல்லும்.